பால் இல்லையாம்!

"இதெல்லாம் ஓர் ஆண்பிள்ளை எழுதுகிற விஷயமா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். திருச்சி மலைக்கோட்டையில் வீற்றிருக்கிறாரே தாயுமானவர், அவருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? காவிரியில் வெள்ளம். அக்கரையில் தாய். இக்கரையில் பிரசவ வேதனையில் மகள். தாய் வந்து சேர முடியவில்லை என்று கண்ட சிவபெருமான் தாமே அந்தத் தாயின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தார்; வெள்ளம் வடிகிறவரைக்கும் கூடவே இருந்து பச்சை உடம்புக்காரிக்கு வேண்டியதையெல்லாம் செய்தார் என்பது ஸ்தல புராணம். பிள்ளை பெற்றவளுக்குச் சிசுருஷை செய்யப் பரமசிவனே கூச்சப்படவில்லை. அதைப் பற்றி நாலு பக்கம் எழுத எனக்கு என்ன கூச்சம்?

விஷயம் இதுதான். பிள்ளை பெற்ற மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மார்பில் பால் கட்டிக்கொள்கிறது. கல் மாதிரி ஆகிறது. தொட்டால் உயிர் போகிறது. குழந்தை வாய் வைத்து வைத்துப் பார்த்துவிட்டுப் பிடிக்க முடியாமல் வீறிட்டு அழுகிறது. அந்த நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு வேண்டியது, விவரம் தெரிந்த ஒரு ஜோடிக் கையும் அரை மணி அவகாசமும். அந்தக் கை நம் ஊரில் இன்று யாருடைய வேலையும் இல்லை. டாக்டரின் வேலை இல்லை, நர்சுக்கு நேரம் இல்லை, மாமியாருக்குத் தெரியாது, தாய்க்குப் பயம், கணவனோ கதவுக்கு வெளியே நிற்கிறான். ஆகவே எல்லாரும் கூடி ஒரு தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்: "இவளுக்குப் பால் இல்லை." மார்பு நிறையப் பால் கட்டிக்கொண்டு துடிக்கிறவளைப் பார்த்துச் சொல்கிற தீர்ப்பு!

தமிழில் இந்த அவயவத்துக்குச் சொல்லா பஞ்சம்? கவிதையைத் திறந்தால் கொங்கை இல்லாத பக்கத்தைத் தேட வேண்டியிருக்கிறது. அரசனை வர்ணித்தாலும் அது வரும். ஆற்றை வர்ணித்தாலும் வரும். சினிமாச் சுவரொட்டிக்காரனோ சொல்லைக்கூட நம்பவில்லை, படமாகவே போட்டுவிடுகிறான். சீர்காழியில் ஆண்டுதோறும் சித்திரையில் திருமுலைப்பால் விழா நடக்கிறது. ஞானசம்பந்தக் குழந்தைக்கு அம்பிகை பால் கொடுத்ததைக் கொண்டாடக் குடும்பம் குடும்பமாகப் போகிறோம். இவ்வளவும் சரி. ஆனால் பக்கத்து வீட்டுப் பெண் "மார்பு வலிக்கிறது, யாராவது பாருங்களேன்" என்று சொல்லிவிட்டால் மட்டும் வீடே காதைப் பொத்திக்கொள்கிறது. ரசிப்பதற்கு நூறு சொல் வைத்திருக்கிற நாம், நோவைச் சொல்வதற்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. 'அங்கே', 'அது', 'மேலுக்கு' என்று ஜாடை காட்டியே அவள் வைத்தியம் கேட்க வேண்டியிருக்கிறது.

பால் சுரக்கிற கணக்கு ஒன்றும் மந்திரம் அல்ல. நஞ்சுக்கொடி வெளியேறியதும் உடம்புக்குள் ஓர் உத்தரவு பிறக்கிறது, இனிச் சுரக்கலாம் என்று. உத்தரவு வந்த மாத்திரத்தில் பால் பொங்கிவிடுவதில்லை. முதல் இரண்டு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சீம்பால்தான் வரும். முதல் நாள் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி இருந்தால் அதிகம். பிறந்த சிசுவின் வயிற்றுக்கு அதுவே போதும். நோயை எதிர்க்கும் சக்தி முழுவதும் அந்தத் தேக்கரண்டியில் இருக்கிறது என்று இன்று எல்லா டாக்டர்களும் சொல்கிறார்கள். நாமோ பசு கன்று போட்டால் அதன் சீம்பாலுக்கு அடித்துக்கொள்கிறோம். வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் கட்டியாக வேகவைத்து, அண்டை வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கிறோம். மனுஷி சுரக்கும் சீம்பாலை மட்டும் "மஞ்சளாக இருக்கிறது, ஆகாது" என்று பீய்ச்சித் தரையில் விடுகிறவர்கள் இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள். அதற்குப் பதிலாகச் சர்க்கரைத் தண்ணீர், தேன், தெருவில் கூவிக்கொண்டு வருகிற கழுதைப் பால்! கன்றுக்குட்டிக்கு இருக்கிற பாக்கியம் நம் பிள்ளைக்கு இல்லை.

பிறகு மூன்றாம் நாள் வருகிறது. பால் மட்டும் ஏறுவதில்லை. ரத்தமும் நீரும் சேர்ந்து மார்புக்கு ஓடி வருகின்றன. அந்த வீக்கத்தில் பால் வருகிற மெல்லிய குழாய்கள் நசுங்கிக்கொள்கின்றன. ஆபரேஷன் செய்து பிள்ளை எடுத்தவளானால் கையில் ஏற்றிய சலைன் நீரும் சேர்ந்துகொண்டு, காம்பைச் சுற்றியுள்ள கறுத்த வட்டம் பலூன்போல் விம்மிவிடுகிறது. பலூனைக் கடித்துப் பாருங்கள், தெரியும். பல்லுள்ள நமக்கே வழுக்கும். பல்லில்லாத குழந்தை என்ன செய்யும்? தமிழ்நாட்டில் 2019 முதல் 2021 வரை எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு ஏறக்குறைய 45 பிரசவங்கள் ஆபரேஷன் பிரசவங்கள். எத்தனை பலூன்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மீதிப் பேருக்கு வேறு விதமான சங்கடம். சுகப்பிரசவம் ஆனவளை இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். படுக்கை வேண்டுமே! ஆஸ்பத்திரியில் இருக்கிற வரையில் மார்பு மெத்தென்று இருக்கிறது. பார்க்க ஆளும் இருக்கிறது. வீட்டுக்கு வந்து ஆரத்தி சுற்றி உள்ளே நுழைந்த ராத்திரி அது கல்லாகிறது. அப்போது பார்க்க ஒருவரும் இல்லை. இந்த நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பெண்களுமே ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறும் ஒரு மாநிலம் உண்டென்றால் அது தமிழ்நாடு. பெருமைதான். ஆனால் பால் இறங்குகிற நாளுக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டுக் கிழிகிற நாளுக்கும் உள்ள இந்த இடுக்கில் எத்தனை தாய்மார் விழுந்து கிடக்கிறார்கள் என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

எடுக்காத பால் அப்படியே இருக்கும், நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் அது தப்பு. இறைக்கிற கிணறு ஊறும் என்பார்களே, அது இங்கே முழு உண்மை. தேங்கி நின்றால், வேண்டாம் போலிருக்கிறது என்று உடம்பே சுரப்பைக் குறைத்துவிடுகிறது. இரண்டு நாள் டப்பாப் பால் கொடுத்துவிட்டு மூன்றாம் நாள் மார்பைத் தொட்டுப் பார்த்து, "பார்த்தாயா, நான் சொன்னேனே, இவளுக்குப் பால் இல்லை" என்று வெற்றிக் கொடி நாட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஜோசியம் பலிக்க வேண்டுமானால் இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஓர் ஊர். என் ஒன்றுவிட்ட தங்கையின் பெண்ணுக்குத் தலைப்பிரசவம். இரண்டு கட்டில் போட்ட அறை. நடுவே ஒரு திரை. மூன்றாம் நாள் காலையில் போனேன். வராந்தாவில் மாப்பிள்ளை கையில் ஒரு டப்பாவை வைத்துக்கொண்டு நின்றார். "பால் இல்லையாம் மாமா. நர்சம்மா எழுதிக் கொடுத்திருக்காங்க" என்றார். உள்ளே குழந்தை கத்தியது, பெண்ணும் அழுதாள். நர்சைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த மாடி முழுவதற்கும் அவள் ஒருத்திதான், ஓடிக்கொண்டே இருந்தாள்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவளுக்குத் துணையாக வந்திருந்த ஒரு கிழவி திரையை விலக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வராந்தாவில் நின்று நான் காதால் கேட்டது. மற்றதைத் தங்கை அப்புறம் சொன்னாள்.

"நான் ஒரு தடவ பாக்கட்டுமா, தாயி? வலிச்சா சொல்லு, கையை எடுத்துர்றேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"கல்லு மாதிரியில்ல இருக்கு! இதுல பால் இல்லன்னு எவ சொன்னா?"

வெந்நீர் கேட்டாள். பெண்ணுக்கு அல்ல, முதலில் தன் கைக்கு. இரண்டு கையையும் வெந்நீரில் கழுவித் துடைத்துச் சூடாக்கிக்கொண்டு, துணியை நனைத்துப் பிழிந்து கொஞ்ச நேரம் போட்டாளாம். பிறகு விரல் நுனிகளைக் காம்பைச் சுற்றி வட்டமாக வைத்து உள்நோக்கி மெல்ல அழுத்தியபடி, நூறு எண்ணுகிற நேரம் அப்படியே வைத்திருந்தாளாம். அந்த இடம் இளகியது. அப்புறம் உள்ளங்கையால் மார்பிலிருந்து அக்குள் பக்கமாகத் தடவிக்கொண்டே இருந்தாள். "அழுத்தவே இல்லை அண்ணா, சும்மாத் தடவினா" என்று தங்கை இரண்டு தடவை சொன்னாள். இருபது நிமிஷத்தில் இரண்டு சொட்டு, பிறகு நாலு. "இப்போ புள்ளயக் குடு" என்றாள் கிழவி. குழந்தையின் கத்தல் நின்றது. வராந்தாவில் மாப்பிள்ளைக்கு அந்த டப்பாவை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கிழவியின் மாமியார் அந்தக் காலத்து மருத்துவச்சியாம். அவளிடம் பார்த்துக் கற்றுக்கொண்டது. கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். என் தங்கை கிழவிக்குக் காபி வாங்கிக் கொடுத்தாள். நூறு ரூபாய் கொடுத்தாள். கிழவி திரைக்கு அந்தப் பக்கம் போன பிறகு என்னிடம் வந்து தாழ்ந்த குரலில், "அவங்க என்ன ஆளுங்கண்ணா?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்விதான் நம்முடைய வைத்திய சரித்திரம். பிரசவம் பார்க்கவும், கொடி அறுக்கவும், பால் கட்டினால் இளக்கிவிடவும் நாவிதர் வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டோம். ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் வந்தாள். வேலை முடிந்ததும் தீட்டு என்று தலை முழுகினோம். கொல்லை வாசல் வழியாக அனுப்பினோம். ஒரு மரக்கால் நெல், ஒரு பழைய புடைவை. அந்தக் கையில் இருந்த வித்தையை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. எது சரி, எது தப்பு என்று பிரித்துப் பார்க்கவுமில்லை. அவளுடைய பெண்களும் பேத்திகளும் படித்து, வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். போனது நியாயம். 'ஐயோ, பழைய மருத்துவச்சிகள் போய்விட்டார்களே' என்று இன்று பெருமூச்சு விடுகிற பெரிய மனிதர்கள், தம் வீட்டுப் பெண்ணை அந்தத் தொழிலுக்கு அனுப்புவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

பழசெல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. பழைய கைகளில் முரட்டுக் கைகளும் உண்டு. "கட்டியை உடைக்க வேண்டும்" என்று எண்ணெயைத் தடவிச் சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரிப் பிசைகிறவர்கள் அன்றும் இருந்தார்கள். இன்று பெரிய நகரங்களில் மாதச் சம்பளத்துக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ஸிகளின் மூலமும் வருகிறார்கள். பெண் அலறுவாள், "பல்லைக் கடிச்சுக்கோ" என்பார்கள். ஐயா, உள்ளே உடைப்பதற்குக் கட்டி ஒன்றும் இல்லை. வீங்கிய சதைதான் இருக்கிறது. பிசையப் பிசைய அது இன்னும் வீங்கும், ரத்தம் கன்றும், நசுங்கிய குழாய் மேலும் நசுங்கும், கடைசியில் சீழ்க் கட்டியில் கொண்டுபோய் விட்டாலும் விடும். தாய்ப்பால் மருத்துவத்துக்கென்றே உள்ள சர்வதேச டாக்டர்கள் கழகம் ஒன்று 2022இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஆழ அழுத்திப் பிசைவது கூடவே கூடாது, தோலின்மேல் மெல்லத் தடவினால் போதும், பால் கொடுத்த பிறகு குளிர்ந்த ஒத்தடம் கொடுக்கலாம் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அந்தக் கிழவிக்கு இது எந்தப் புத்தகமும் இல்லாமல் தெரிந்திருந்தது. சம்பளத்துக்கு வருகிற பெண்ணுக்குத் தெரியவில்லை. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. அவள் தப்பு என்ன?

மார்பில் ஒரு பக்கம் சிவந்து, காய்ச்சலும் குளிரும் கண்டு, ஒரு நாளில் இறங்கவில்லையென்றால் எந்தக் கையும் வேண்டாம், டாக்டரிடம்தான் போக வேண்டும். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. இதைச் சொல்லாமல் கைவைத்தியத்தை மட்டும் புகழ்கிறவனை நம்பாதீர்கள்.

பழசைப் பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதற்கு ஓர் உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. குழந்தை தக்காமல் போன தாய்க்குப் பால் வற்றுவதற்கு மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். வெறும் மூடநம்பிக்கை என்று வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் ஒதுக்கிவிடவில்லை; நம் முன்னோரின் ஞானம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் இல்லை. மாத்திரை ஒரு பக்கம், மல்லிகை ஒரு பக்கம் என்று வைத்துச் சோதித்துப் பார்த்து, பால் வற்றச் செய்வதில் பூவும் நன்றாகவே வேலை செய்கிறது என்று 1988இல் எழுதினார்கள். பால் வற்ற வைக்கிற பூவுக்குக் கிடைத்த அந்த மரியாதை, பால் வரவழைக்கிற கைக்கு நம் நாட்டில் ஏன் கிடைக்கக் கூடாது?

ஜப்பானில் கிடைத்திருக்கிறது. ஒக்கெதானி ஸொதொமி என்று ஒரு மருத்துவச்சி. பாலூட்டுகிறவளின் மார்பை எப்படித் தொட வேண்டும் என்பதை ஒரு முறையாகவே வகுத்தார். தாய்க்கு வலிக்கக் கூடாது என்பதுதான் அதில் முக்கியம். அவர் பெயராலேயே அந்த முறையை அழைக்கிறார்கள். லைசென்ஸ் பெற்ற மருத்துவச்சிகள்தாம் அதைக் கற்றுக்கொள்ள முடியும். தாய்மார் பணம் கொடுத்துத் தேடிப் போகிறார்கள். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் ஜேன் மார்ட்டனும் அவருடைய கூட்டாளிகளும், குறைமாதக் குழந்தை பெற்றவர்களைப் பற்றி 2009இல் எழுதினார்கள். முதல் மூன்று நாளும் கையாலும் பீய்ச்சி, அப்புறம் மின்சாரப் பம்பு வைக்கும்போதும் கூடவே கையைப் பயன்படுத்தியவர்களுக்குப் பால் அதிகமாகக் கிடைத்ததாம். மின்சாரப் பம்பு பிறந்த தேசத்திலேயே கையைத் தேடுகிறார்கள். நாம் கையை மறந்துவிட்டுப் பம்பு விலை விசாரிக்கிறோம்.

டப்பாவைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஸிஸிலி வில்லியம்ஸ் என்ற டாக்டரம்மாள் 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசப் போனார். பேச்சின் தலைப்பே 'பாலும் கொலையும்'. டப்பாப் பால் ஏழைக் குழந்தைகளைக் கொல்கிறது, அதை விளம்பரம் செய்வதைக் கொலையென்றே சொல்ல வேண்டும் என்றார். உலக சுகாதார சபை விளம்பரத்துக்குக் கட்டுப்பாட்டு விதி கொண்டுவர 1981 ஆயிற்று. நம் பார்லிமெண்டு சட்டம் போட்டது 1992இல். 2003இல் அதைத் திருத்தி இறுக்கினார்கள். குழந்தைகளின் டப்பாப் பாலுக்கு விளம்பரம் கூடாது. கம்பெனி ஆஸ்பத்திரிக்கு அன்பளிப்புக் கொடுக்கக் கூடாது. நல்ல சட்டம். ஆனால் விளம்பரம் இல்லாமலே டப்பா விற்கிறதே, எப்படி? மூன்றாம் நாள் அந்த வராந்தாவில் நிற்கிற மாப்பிள்ளைக்கு விளம்பரம் எதற்கு? உள்ளே அழுகிற இரண்டு பேரும் போதும்.

பிடித்துவிட்டால் பால் கொட்டும் என்று நான் சத்தியம் செய்யவில்லை. சுரக்க வைப்பது குழந்தையின் வாய். கை செய்வது, அந்த வாய் போய்ச் சேர வழி பண்ணுவது, அவ்வளவுதான். எத்தனை முயன்றாலும் போதிய பால் வராத பெண்களும் உண்டு. நோயாலோ மருந்தாலோ கொடுக்க முடியாதவர்களும் உண்டு. அவர்களைப் பார்த்து, "தாயா நீ?" என்று கேட்கிறவர்களுக்கும், பால் கட்டியவளைப் பார்த்து, "பால் இல்லை" என்கிறவர்களுக்கும் நான் வித்தியாசம் பார்ப்பதில்லை. பம்பாயில் சயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் 1989இல் தாய்ப்பால் வங்கி ஆரம்பித்தது அப்படிப்பட்ட குழந்தைகளுக்காகத்தான். டப்பாப் பாலே கதி என்று ஆகிறவர்கள் கொதித்து ஆறிய நீரில் அளவாகக் கரைத்துக் கொடுக்கட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன் அவளை ஒரு தடவையாவது ஒருவர் தொட்டுப் பார்த்திருக்க வேண்டாமா?

2015இல் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவர்களுக்கு 16 சாமான் வைத்து ஒரு பரிசுப் பெட்டகம் கொடுக்க ஆரம்பித்தார்கள். சோப்பு, துண்டு, கொசுவலை, பொம்மை எல்லாம் இருந்தது. அதே வருஷம் பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகளும் திறந்தார்கள். இரண்டும் நல்ல காரியம். நான் கேலி செய்யவில்லை. பெட்டிக்குள் வைத்துக் கொடுக்க முடியாத ஒன்றைக் கேட்கிறேன். பிரசவ வார்டு ஒவ்வொன்றிலும், பாலூட்டுவதற்கு உதவுவதையே முழு வேலையாகக் கொண்ட ஒரு பெண் சம்பளத்தில் இருக்கட்டும். குழந்தையை மார்பில் எப்படிச் சேர்ப்பது, விம்மிய வட்டத்தை எப்படி இளக்குவது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்து எப்படிப் பீய்ச்சுவது, எப்போது டாக்டரைக் கூப்பிடுவது என்பதை அவளுக்கு முறையாகச் சொல்லிக் கொடுக்கட்டும். வீட்டுக்குப் போன தாயை மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் கிராமச் சுகாதார நர்சு போய்ப் பார்க்கட்டும். எடை போடுவதோடும் ஊசித் தேதி எழுதுவதோடும் நில்லாமல், மார்பு வலிக்கிறதா என்றும் கேட்கட்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். அந்த மாப்பிள்ளை வாங்கி வந்த டப்பாவின் விலையைக் கேட்டேன். அது ஒரு வாரத்துக்குக் கூடக் காணாது என்றும் சொன்னார். ஒரு வார்டில் மாதத்துக்கு எத்தனை டப்பா எழுதிக் கொடுக்கிறார்கள் என்று ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிற மருந்துக் கடைக்காரரைக் கேளுங்கள். அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் எவ்வளவு கொடுக்கலாம் என்று அவரே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார். கிழவியைப் போன்ற யாராவது அந்த வேலைக்கு மனுப் போட்டால், சாதிச் சான்றிதழை மட்டும் முதல் காகிதமாகக் கேட்காமல் இருக்கட்டும். முன் வாசல் வழியாக வரச் சொல்லி, உட்கார ஒரு நாற்காலியும் கை கழுவ வெந்நீரும் கொடுத்தால் போதும்.